கடிகாரத்துக்குள் ஒரு உடம்பு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்யும் ஒருவரின் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டு வாருங்கள். காலையில் குழிக்குள் கால் விட்டவர் சாப்பாட்டு நேரத்தில்தான் எழுந்திருப்பார். இடையில் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடும். அச்சைத் தன் பக்கம் இழுத்து ஊடையை இடிப்பார். மறுபடி நாடா, மறுபடி இடி. மதியம் எடுத்துப் பார்த்தால், சின்ன காஞ்சிபுரத்துக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் போய்வந்தவரைப்போல வாட்ச் அடிக்கணக்கு காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். மனிதர் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு சாண் நகரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தி நிஜமாகவே உழைத்த கால்களைப் பற்றி வாட்சுக்கு ஒன்றுமே தெரியாது.

இப்போது அதே வாட்சைக் கழற்றி, அதே வீட்டில் இருக்கும் அவர் தம்பியின் கையில் கட்டுவோம். தம்பிக்கு 38 வயது. மூளை முடக்குவாதம். (இவர் ஒரு தனி ஆள் இல்லை. மூளை முடக்குவாத ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பலரிடமிருந்து ஓரோர் இழையாக எடுத்து, இந்த அத்தியாயத்துக்காக நான் நெய்துகொண்ட ஆள். ஊர் மட்டும் நிஜம்.) இடது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு கால்களிலும் இறுக்கம். முழங்கால் முழுதாக நிமிராது, குதிகால் தரையில் படாது. வலது கையால் ராட்டினம் சுற்றித் தார் போடுகிறார். கூலிக் கணக்கு எழுதுவதும் அவர்தான். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தெருவில் இறங்கினால் கைத்தடி. முனைக்கடை வரை போய் வந்தால் சட்டை நனைந்துவிடும்.

வாட்ச் அவருடைய நாளை எப்படி எழுதிவைக்கும்? தார் சுற்றிய ஒரு மணி நேரத்தை நடை என்று வரவு வைத்திருக்கும். கடைக்குப் போன நடையில் பாதிக்குமேல் விட்டிருக்கும். தடியை இறுகப் பிடித்த கை வீசவில்லையே! மாலையில், இன்றைய இலக்கை நீங்கள் எட்டவில்லை என்று கையில் ஒரு அதிர்வு கொடுக்கும்.

அண்ணனிடம் அதிகம், தம்பியிடம் குறைவு. இந்த இரண்டு தப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நடையை அளக்கும் எந்தக் கருவியைத் திறந்தாலும் உள்ளே ஒரு உடம்பு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கைகளையும் வீசி, குதிகால் ஊன்றி, நிமிடத்துக்கு நூறு அடி வைத்து, காலணி போட்டு, தார்ச்சாலையில் நடக்கிற உடம்பு. வாட்ச் நம்மை அளப்பதில்லை. நாம் அந்த உடம்பைப்போல எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை அளக்கிறது.

"பிறந்தப்ப அழலைங்க." தமிழ்நாட்டில் மூளை முடக்குவாதத்தின் கதையைப் பெரும்பாலும் அம்மாக்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள். லண்டனில் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல் மகப்பேறு மருத்துவர்களின் சங்கத்தில் படித்த கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: கடினமான பிரசவம், மூச்சுத் திணறல், அதன் பின் இறுகிப்போன கைகால்கள். சிறு வயதில் வந்த வாதத்தால் வளைந்த பாதம் கொண்டவர் அவர். இந்த விஷயத்தை விலகி நின்று பார்த்தவர் இல்லை. வெகுகாலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். 1897-இல் வியன்னாவிலிருந்து ஒருவர் மறுத்தார். பிரசவம் கடினமானதால் மூளை பாதிக்கப்பட்டதா, கருவிலேயே மூளையில் ஏதோ நேர்ந்ததால் பிரசவம் கடினமானதா என்று கேட்டார். கேட்டவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளுக்குள் இறங்குவதற்கு முன் அவர் குழந்தைகளின் நரம்பியலில்தான் பெயர் எடுத்திருந்தார். இன்றைய மருத்துவம் இந்த விஷயத்தில் ஃப்ராய்ட் பக்கமே அதிகம் சாய்கிறது: குறைப்பிரசவம், கருவில் தொற்று, மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, மிகைப்பட்ட மஞ்சள்காமாலை எனக் காரணங்கள் பல. பிரசவ அறையில் நேர்வது அவற்றில் ஒன்று.

ஆயிரம் பிறப்புக்குச் சுமார் இரண்டு என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊரில் தெருவில் யாராவது காலை இழுத்து நடந்தால் 'போலியோவா?' என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தியா போலியோ இல்லாத நாடென்று 2014-இல் சான்றிதழே வாங்கியாயிற்று. போலியோ தண்டுவடத்தின் நரம்பணுக்களைத் தாக்கித் தசையைத் தளர்த்தும். மூளை முடக்குவாதத்தில் தசைக்கும் தண்டுவடத்துக்கும் ஒன்றுமில்லை. மேலிருந்து வரும் உத்தரவில் கோளாறு. பெரும்பாலோரிடம் அது இறுக்கமாகத் தெரிகிறது. சிலரிடம் கட்டுக்கடங்காத அசைவாக. இன்னும் சிலரிடம் தள்ளாட்டமாக.

மூளையில் ஏற்பட்ட தழும்பு வளர்வதில்லை. எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும் இந்த வாக்கியம், பெரியவர்களைப் பொறுத்தவரை, பாதி உண்மையின் ஆபத்துள்ளது. தழும்பு வளராது, உடம்புக்கு வயதாகும். இறுகிய தசை மூட்டை முப்பது வருடம் இழுத்துக்கொண்டே இருந்தால் மூட்டு தேயும். மற்றவர்களுக்கு அறுபதில் வரும் வலியும் சோர்வும் இவர்களில் பலருக்கு முப்பதுகளிலேயே வந்துவிடுகின்றன. இருபது வயதில் நடந்துகொண்டிருந்தவர் நாற்பதில் சக்கர நாற்காலியைத் தேடுவது அபூர்வமில்லை. ஆனால் மருத்துவம் இதைக் குழந்தைகள் சமாச்சாரமாகவே வைத்திருந்தது. 1997-இல் கனடாவில் ராபர்ட் பலிசானோ குழுவினர் உருவாக்கிய ஐந்து படி வகைப்பாட்டைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்: தடையின்றி நடப்பவர் முதல் படி, தலையை நிறுத்தவும் உதவி வேண்டுபவர் ஐந்தாம் படி. 2007-இல் விரிவாக்கியபோதும் அதன் விளக்கங்கள் 18 வயதோடு நின்றுவிட்டன. மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கென்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு தனி வழிகாட்டி வெளியிட்டது 2019-இல்தான். இங்கே சென்னையில் பூனம் நடராஜன் 1985-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியாகத் தொடங்கிய வித்யாசாகருக்கு முதல் வருடங்களில் வந்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் வாங்கும் வாட்சுக்கு அவர்கள் வந்தது தெரியாது.

வாட்சுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோமே, அதுதான் தத்துவம். அரிசிமணியைவிடச் சிறிய சிலிக்கான் சில்லு ஒன்றில் நுண்ணிய கட்டி ஒன்று வில்களில் தொங்குகிறது. கை அசைந்தால் கட்டி ஒரு மயிரிழையிலும் மிகச் சிறிய பங்கு பின்தங்கும். பின்தங்கும்போது பக்கத்தில் சீப்புப் பற்களைப்போல நிற்கும் தகடுகளுக்கு நடுவே இடைவெளி மாறும், மின்தேக்கு அளவு மாறும். முடுக்கமானி என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் காரின் காற்றுப்பையை மோதலின்போது விரியவைக்க இந்தச் சில்லைப் பெருமளவில் செய்தார்கள். பிறகு செல்போனுக்கு வந்தது, அங்கிருந்து மணிக்கட்டுக்கு. மூன்று திசைகளில், நொடிக்குப் பல பத்து முறை, அது எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த எண் குவியலில் 'அடி' என்று எதுவும் எழுதியிருக்காது. அதை மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டில் ஒரு முகடு தெரிகிறதா? அது ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டுகிறதா? அடுத்த முகடு அரை நொடி, முக்கால் நொடிக்குள் வருகிறதா? இப்படிப் பத்துப்பதினைந்து வரிசையாக வந்தால் நடை. ஒன்றிரண்டு முகடு வந்து நின்றுவிட்டால், யாரோ கொசு அடித்திருக்கிறார் என்று பல கருவிகள் தள்ளிவிடும். நல்ல யோசனைதான், கொசு அடிக்கும் ஊர்களுக்கு. தறியின் தாளம் இந்தச் சல்லடையில் தப்பிப்பது ஏன் என்று இப்போது தெரியும்: அது கொசு அடிப்பதைவிட நடைக்குத்தான் நெருக்கம்.

மூளை முடக்குவாதத்தின் நடை இந்தச் சல்லடையில் பல இடத்தில் ஒழுகுகிறது. குதிகால் ஊன்றும்போது உடம்பில் ஏறும் அந்தக் கூர்மையான அதிர்ச்சிதான் முகடு. நுனிக்காலில் நடப்பவருக்கு அந்த அதிர்ச்சி வேறு வடிவில் வரும். மெதுவாக நடந்தால் முகடு தாழ்ந்துபோகும். மெதுநடையில் அடிமானிகள் குறைத்து எண்ணுவது மூளை முடக்குவாதம் இல்லாத முதியவர்களிடமும் கண்ட குறைதான். வாக்கரைப் பிடித்தவர் கை அசைவதே இல்லை. இதற்கு நேர்மாறாக, தன்னிச்சையான அசைவுகள் உள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து டீவி பார்க்கும்போதே அடிகள் ஏறிக்கொண்டிருக்கும். நம் தம்பிக்கு இன்னொரு சங்கடம். வீட்டுக்குள் அவர் நடப்பதெல்லாம் துண்டு துண்டாக: கட்டிலிலிருந்து சுவருக்கு நாலடி, சுவரிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு மூன்றடி, நின்று மூச்சு வாங்கிவிட்டு வாசற்படிக்கு ஐந்தடி. எதுவும் பத்தைத் தாண்டாது. நாள் முழுக்க நடந்தும் ஒன்றும் நடந்திருக்காது.

சரி, எத்தனை அடி நடந்தால் போதும்? பத்தாயிரம் என்று பல வாட்சுகள் சொல்கின்றன. அந்த எண் ஆய்வகத்தில் பிறந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965-இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் செருகும் நடைமானி ஒன்றை விற்றது. பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம்-அடி-மானி. விளம்பரத்துக்கு வாய்த்த முழு எண். அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் 16,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்களின் இடுப்பில் முடுக்கமானி கட்டிப் பார்த்தார்கள். நாளுக்கு 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் ஆயுள் லாபம் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்கே பத்தாயிரம் தேவைப்படவில்லை என்றால், குதிகால் தரையில் படாத ஒருவருக்கு அந்த எண்ணை வைத்து நல்லது கெட்டது சொல்வதை என்னவென்பது?

ஒரு அடி என்பது எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. உடல் உழைப்பை அளக்க விஞ்ஞானிகள் 'மெட்' என்ற அலகை வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜன் ஒரு மெட். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர். மூன்று மெட்டைத் தொட்டால் மிதமான உழைப்பு, ஆறைத் தாண்டினால் கடும் உழைப்பு. வாட்சுக்கு ஆக்சிஜன் செலவு தெரியாது. அசைவின் அளவைப் பார்த்து, இவ்வளவு அசைவுக்கு இவ்வளவு மெட் என்று ஊகிக்கும். அந்த ஊகக் கோடுகளை 1990-களில் டிரெட்மில்லில் நடந்த திடகாத்திரமான இளைஞர்களை வைத்துத்தான் பெரும்பாலும் வரைந்தார்கள். மூளை முடக்குவாதத்தில் முழங்காலை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுபோல. அதே தூரத்துக்கு எரிபொருள் அதிகம். குழந்தைகளிடம் மூச்சை அளந்து பார்த்த ஆய்வுகளில் இரண்டு மடங்கு, அதற்கும் மேல் என்று வந்திருக்கிறது. ஆக, முனைக்கடை வரை போன தம்பிக்கு அது மலையேற்றம். வாட்சுக்கு அது 'லேசான அசைவு'.

இதயத் துடிப்பைப் பார்த்தால் உண்மை தெரியாதா என்று கேட்கலாம். ஓரளவு தெரியும். வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் ரத்தத்தில் உறிஞ்சப்பட்டு, மிச்சம் திரும்புவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. வாட்ச் தோலோடு ஒட்டி நிலையாக இருக்க வேண்டும். மணிக்கட்டு உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும்போது அது நிலையாக இருக்காது. சித்திரை வெயில் வேர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட எளிய விஷயம் ஒன்றை ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன: வாட்சைக் கட்டுவது. வலது மணிக்கட்டில் கட்ட இடது கை வேண்டும். இடது கை திறக்க வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டால் இன்னும் இறுகும். தம்பி திண்ணையில் உட்கார்ந்து, வாட்சைத் தொடைமேல் குப்புறப் போட்டு, வலது மணிக்கட்டை அதன்மேல் அழுத்தி வைக்கிறார். வாரின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி மேலே இழுக்கிறார். மறுமுனையை முழங்காலால் தள்ளிக் கொக்கியில் செருகப் பார்க்கிறார். ஊசி துளைக்குள் போகாமல் இரண்டு முறை வழுக்குகிறது. மூன்றாவது முறை போகிறது, ஆனால் ஒரு துளை தளர்வாக. இத்தனைக்கும் அந்த உடம்பு செலவழித்த சக்தியை அளக்க வாட்ச் இன்னும் ஆன் ஆகவில்லை. வெல்குரோ வாரோ, காந்த வாரோ இருந்தால் இந்தப் பாடு இல்லை.

மணிக்கட்டில்தான் கட்ட வேண்டுமென்று யார் சொன்னது? கணுக்காலில் கட்டலாம். சியாட்டிலில் உருவான ஸ்டெப்வாட்ச் என்ற கருவி அங்கேதான் உட்காரும். ஒவ்வொருவர் நடைக்கும் ஏற்ப அதன் கூர்மையைத் திருகி வைக்கலாம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் அன்றாட நடையை அளந்த முக்கியமான ஆய்வுகள் அதை வைத்துச் செய்யப்பட்டவை. தொடையில் ஒட்டும் கருவியும் உண்டு, கிளாஸ்கோவில் செய்த ஆக்டிவ்பால். தொடை படுத்திருந்தால் உட்கார்ந்திருக்கிறார், நிமிர்ந்திருந்தால் நிற்கிறார் என்று புவியீர்ப்பின் திசையை வைத்துச் சொல்லிவிடும். நாற்காலிச் சமூகத்தின் கருவி. சம்மணம், குந்துகால், தறிக்குழி எல்லாம் அதற்குப் புதுப்பாடம். சக்கர நாற்காலிக்காரர்களைப் பெரிய நிறுவனங்கள் கவனிக்க 2016 ஆயிற்று. அந்த வருடம் ஆப்பிள் வாட்ச், அடிகளுக்குப் பதில் சக்கரத்தைத் தள்ளும் தள்ளல்களை எண்ணும் வசதியைக் கொண்டுவந்தது. 'எழுந்து நில்லுங்கள்' என்ற நினைவூட்டல் அவர்களுக்கு 'கொஞ்சம் உருட்டுங்கள்' என்று மாறியது. ஒரு சொல் மாறியதற்குப் பின்னால், சக்கர நாற்காலியில் இருப்பவர்களை வைத்துத் திரட்டிய புது அளவீடு முழுதும் இருக்கிறது.

காஞ்சியிலிருந்து பாலாற்றை எதிர்த்துப் போனால் வேலூர். கார் விபத்தில் 1954-இல் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். அதே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறை, சில வருடங்களுக்கு முன் நம் கதைக்கு மிக நெருக்கமான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. மூளைப் பாதிப்பால் ஒரு பக்கக் கை பலவீனமானவர்கள் வீட்டுக்குப் போன பின் அந்தக் கையைப் பயன்படுத்துகிறார்களா? இரண்டு மணிக்கட்டிலும் உணரிகளைக் கட்டி, பக்கத்தில் வீடியோவும் எடுத்து, எந்தக் கணக்கீட்டு முறை உண்மைக்கு நெருங்குகிறது என்று ஒப்பிட்டார்கள். 2022-இல் வெளிவந்த அந்த ஒப்பீட்டில் தெரிந்தது: அசைவை மட்டும் எண்ணும் முறை, கை பயன்பட்ட தருணங்களைத் தவறவிடுவது குறைவு, ஆனால் பயன்படாத தருணங்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. நடக்கும்போது சும்மா ஆடும் கையும் அதன் கணக்கில் வேலை செய்த கைதான். முன்கையின் சாய்வைப் பார்க்கும் முறை இதற்கு எதிர்ப்பக்கம்: கறார் பேர்வழி, நிறைய விட்டுவிடும். ஆள் ஆளுக்குக் கணினியைப் பழக்கினால் நன்றாக வருகிறது.

பட்டு ஊரில் இதை விளக்கவே வேண்டாம். அறுந்த இழையைக் கண்டுபிடித்து, இரண்டு விரலில் அசையாமல் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் கையின் உச்ச வேலை. அந்தக் கணத்தில் உணரி எழுதும் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். மும்பையைச் சேர்ந்த மாலினி சிப், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர், ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கையை எழுதி 2011-இல் புத்தகமாக்கினார். 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' என்றே தலைப்பு. எழுதிய நாட்களில் அவர் கையில் ஒரு வாட்ச் இருந்திருந்தால் அது என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாட்சைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் பட்டும் சரிகையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். புடவை திரும்பும்போதும் எடை. தராசு ஐந்து கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் அதே தராசுதான், அதே ஐந்து கிராம்தான், கணக்கு தப்பாது. வம்பு எப்போதென்றால், தராசு திங்கட்கிழமை ஐந்து கூட்டி, செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு குறைத்தால். வாட்ச் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தப்பு ஒரே மாதிரி தப்பா?

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரம்போல நிழலும் சமதளமும் உள்ள இடமாகப் பார்த்து, ஒருவர் பக்கத்தில் நடந்து வாய்விட்டு நூறு எண்ண வேண்டும். வாட்சைப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறை, களைத்த மாலையில் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அறுபதை ஒட்டியே காட்டுகிறதா? நல்ல வாட்ச், உங்கள் அறுபதுதான் அதற்கு நூறு. இனி உங்கள் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடலாம். அறுபது, முப்பது, தொண்ணூறு என்று தாவுகிறதா? அடிக்கணக்கை மறந்துவிட்டு, எத்தனை மணி நேரம் தொடர்ந்து அசையாமல் இருந்தார் என்பதை மட்டும் அதனிடம் கேட்கலாம். இறுக்கமும் தன்னிச்சை அசைவும் குளிருக்கும், பதற்றத்துக்கும், தூக்கம் கெட்டதற்கும் ஏறி இறங்குபவை என்பதால் இந்தச் சோதனையைச் சில மாதங்களுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அப்படிப் பழகிய வாட்ச் ஒரு பெரிய வேலை செய்யும். நாற்பதை நெருங்கும் ஒருவர் 'முன்னப்போல நடக்க முடியலை' என்று மருத்துவரிடம் சொன்னால், 'உங்களுக்கு எப்பவும் அப்படித்தானே' என்ற பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு வருடக் கோடு ஒன்று கையில் இருந்து, அது மெல்ல இறங்குவதைக் காட்டினால் பேச்சு வேறு. தழும்பு வளராது, ஆகவே இறங்குவது மூட்டாக இருக்கலாம், கழுத்தெலும்பில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம், வலி, மனச்சோர்வு, இறுகிப்போன செருப்பாகக்கூட இருக்கலாம். தேட வேண்டும்.

இலக்கு வைப்பதில்தான் நான் வாட்சோடு சண்டை போடுவேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் முறையாகத் தனிப் பகுதி வைத்தது. முடிந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம், முடியாதவர்கள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, கொஞ்சம் அசைந்தாலும் லாபம் என்றது. நெதர்லாந்தின் ஓலாஃப் வெர்ஷூரன் குழுவினர் 2016-இல் மூளை முடக்குவாதத்துக்கென்றே எழுதிய பரிந்துரை, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையில் தொடங்கி மெல்ல மூன்றுக்குப் போகச் சொல்கிறது. மெல்ல என்பது முக்கியம். வாட்சின் தூண்டுதலில் ஒரு நாள் இரட்டிப்பாக நடந்துவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுத்துக்கிடந்தால் அது உடற்பயிற்சி இல்லை, கடன். நெசவாளர் வீட்டில் கடன் எப்படி ஏறும் என்று தெரியும்.

இன்னொன்று. வாட்சின் செயலி யார் போனில் இருக்கிறது? சிறு எழுத்துத் தொடுதிரை தம்பிக்குச் சரிப்படாது என்று அண்ணன் தன் போனில் இறக்கிவைக்கிறார். அன்று முதல் தம்பி எப்போது தூங்கினார், எப்போது வெளியே போனார் என்பது அண்ணனுக்குத் தெரியும். 'ஏண்டா, காலையில நடக்கலையா?' என்று கேள்வி வரும். கேட்பது பாசம்தான். 38 வயதுக்காரரை எட்டு வயதுப் பிள்ளையாக்குவதும் அதே பாசம்தான். மூளை முடக்குவாதம் உள்ளவர் 18 வயதைத் தாண்டிய பிறகும் அவருக்குக் காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி உண்டு. அதற்குக்கூட கலெக்டர் தலைமையிலான குழு உட்கார்ந்து, தேவையா என்று பார்க்க வேண்டும். செயலிக்கு அந்தச் சம்பிரதாயம் எதுவும் இல்லை, 'ஓகே' என்று ஒரு தொடுதல் போதும்.

தம்பி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்திகிரி மேலே, மூலவரிடம் போக 24 படிகள். காயத்ரியின் 24 எழுத்துக்கள் என்பது ஐதீகம். வாட்சுக்குள் ஒரு காற்றழுத்தமானியும் இருந்தால், மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதை வைத்து அது மாடிகளை எண்ணும். சுமார் மூன்று மீட்டருக்கு ஒரு மாடி. வலது கையால் கைப்பிடியைப் பற்றி, இடது காலை இழுத்து மேல் படியில் வைத்து, இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்த படி. பின்னால் வருபவர்கள் 'பார்த்துப் போங்க' என்று ஒதுங்கி நிற்கிறார்கள். ஒருவர் தூக்கிவிடவா என்று கேட்கிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறார். உச்சிப் படியில் நிற்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. வாட்ச் சொல்கிறது: மாடி, ஒன்று.

திரும்பும் வழியில், காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் உலகளந்த பெருமாள். முப்பது அடிக்கும் மேல் உயரம்; கர்ப்பக்கிருகத்தில் முழுதாகப் பார்க்க அண்ணாந்தே நிற்க வேண்டும். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் பக்கவாட்டில் நீண்டு, மண்ணை ஓரடியாகவும் விண்ணை ஓரடியாகவும் அளந்துவிட்டு, மூன்றாவது அடிக்கு இடம் கேட்கிற கோலம். பத்து அடிக்குக் குறைந்த நடையை வாட்ச் எண்ணாது என்பதால் அவர் கணக்கிலும் பூஜ்யம்தான் விழும். அவர் வாட்சை நம்பவில்லை. இடது கையில் இரண்டு விரல், வலது கையில் ஒரு விரல் நீட்டி, தானே எண்ணிக்கொண்டு நிற்கிறார்.